நாற்காலிக்கு நான்கு கால், நமக்கு இரண்டு

(வாரியத்தின் ஆண்டு விழாவையொட்டித் தானா ராத்தா ஆலய மண்டபத்தில் நடைபெற்ற உடல்நலச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் இனிப்பு நீரைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் பேசினார்கள். அவர்கள் மருத்துவர்கள். நான் மருத்துவன் அல்லன். நாற்பது ஆண்டுகள் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து 2020ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன். எந்தத் தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "நாற்காலி" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. அரசியல் பேசப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். அந்த நாற்காலி அல்ல ஐயா, உட்கார்ந்து எழுதும் நாற்காலி என்று விளக்கிய பிறகுதான் அழைப்பிதழில் என் பெயரைப் போட்டார்.

உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வரும் முதுகு வலியைப் பற்றியும், அதைத் தணிக்கக்கூடிய நாற்காலியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போகிறேன்.

தேயிலை மலையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதியது 1885இல். ஜே. ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். பாரத் தோட்டம் வந்தது 1933இல். காடழித்த கதையும், கூடை சுமந்த கதையும், அட்டைக் கடியும் குளிரும் நம் மலர்களில் பலமுறை வந்திருக்கின்றன. வரவேண்டியவைதான். ஆனால் நிறுவையில் ஏறிய ஒவ்வொரு கூடைக்கும் ஒரு வரி எழுதப்பட்டது. யார், எந்த மலையில், எத்தனை கிலோ என்று செக்ரோலில் ஒருவர் எழுதினார். அந்த வரி தவறினால் சம்பளம் தவறும். மாதக் கடைசியில் கூட்டிக் கழித்து, பிடித்தம் எழுதி, சம்பளக் கவர் போட்டு முடிய இரவு பத்து மணியாகும். அவ்வளவும் உட்கார்ந்து செய்த வேலை. கூடை சுமந்தவர் முதுகைப் பற்றிப் பாட்டு உண்டு. பேரேடு எழுதியவர் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

காரணம் எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்தில் கிராணி என்றால் தோட்டத்தில் பாதித் தொரை. முதலில் அந்த வேலையில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும்தான் இருந்தார்கள். ஆங்கிலம் படித்து வந்தவர்கள். பிறகுதான் என்னைப் போன்ற லயத்துப் பிள்ளைகள் ஐந்தாம் படிவம் முடித்து அந்த மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். என் தாயார் கொழுந்து கிள்ளியவர். மகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்பதே அவருக்குப் பெருமை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தோட்டத்து அலுவலகத்தில் நாற்காலி என்பது மரியாதையின் அளவு. நான் 1980இல் சின்னக் கிராணியாகச் சேர்ந்த அலுவலகத்தில் தொரைக்குக் கை வைத்த பெரிய நாற்காலி. பெரிய கிராணிக்குக் கை வைத்த பிரம்பு நாற்காலி. சின்னக் கிராணிக்குக் கை இல்லாத மர நாற்காலி. நிறுவைக்கு நிற்கிறவருக்கு முக்காலி. மண்டோருக்கும் தொழிலாளருக்கும் ஒன்றும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். பதவி உயர்ந்தால் நாற்காலி மாறும். ஆள் குட்டையா நெட்டையா, மேசை எவ்வளவு உயரம் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை. இன்றும் பல அலுவலகங்களில் இதே வழக்கம்தான் வேறு உருவத்தில் இருக்கிறது. மேலாளருக்கு உயரமான முதுகு வைத்த தோல் நாற்காலி. நாள் முழுவதும் கணினியில் தட்டுகிற பெண் பிள்ளைக்கு, கூட்ட அறையில் மிஞ்சிய ஒன்று.

பல ஆண்டுகள் கழித்து அந்த மர நாற்காலியை நான் அளந்து பார்த்தேன். இருக்கை தரையிலிருந்து 46 சென்டிமீட்டர். பழைய கணக்கில் 18 அங்குலம். மேசை 76 சென்டிமீட்டர், அதாவது 30 அங்குலம். இனி என் காலை அளப்போம். பாதத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 40 சென்டிமீட்டர்தான். ஆக என் பாதம் தரைக்கு 6 சென்டிமீட்டர் மேலே தொங்கும். தொங்கினால் என்ன என்று கேட்கலாம். இருக்கையின் முன் விளிம்பு தொடையை அழுத்தும். கால் மரத்துப் போகும். மரத்த காலைத் தரையில் ஊன்றுவதற்காக உடம்பு தானாக முன்னால் நழுவும். நழுவினால் முதுகு சாய்மானத்தை விட்டுப் போய்விடும். சாய்மானம் இல்லாத முதுகு எவ்வளவு நேரம் நிமிர்ந்து நிற்கும்? அரை மணி நேரத்தில் வளைந்துவிடும். பார்க்கிறவர், "ஏன் கூன் போட்டு உட்காருகிறாய், நிமிர்ந்து உட்கார்" என்பார். குற்றம் முதுகில் இல்லை, காலுக்குக் கீழே உள்ள ஆறு சென்டிமீட்டரில் இருக்கிறது.

நாற்காலி வாங்கும்போது அதன் நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று அசைத்து அசைத்துப் பார்க்கிறோம். உட்காரப் போகிறவருடைய இரண்டு கால் எங்கே நிற்கும் என்று பார்ப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இவ்வளவுதான்.

எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் ஒரு மூத்த கிராணி. படித்த மருத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் மேசைக்கு அடியில் உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகைகளை அடுக்கி ஆணி அடித்து ஒரு மணை செய்து வைத்திருந்தார். தேயிலையை ஒட்டுப்பலகைப் பெட்டியில் அடைத்து அனுப்பிய காலம் அது. பலகைக்குப் பஞ்சம் இல்லை. "காலை அதுமேல வைய்யி தம்பி, மத்தியானம் புரியும்" என்றார். மத்தியானம் புரிந்தது. பாதம் ஊன்றியது, முதுகு தானாகப் பின்னால் போய்ச் சாய்ந்தது. இன்றைக்குக் கடையில் கால்பலகை என்று ஞெகிழியில் விற்கிறார்கள். அதன் தாத்தா அந்தத் தேயிலைப் பெட்டிதான்.

அந்தப் பலகையால் பல ஆண்டுகள் தள்ளினேன். 1990களின் நடுவில் அலுவலகத்திற்குக் கணினி வந்தது. அதற்கு முன் பேரேட்டை எடுக்க எழுந்திருப்போம், பெட்டகத்துக்கு நடப்போம், நிறுவைக்குப் போய் எட்டிப் பார்ப்போம். கணினி வந்த பிறகு எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டது. எழுந்திருக்கக் காரணமே இல்லை. வேலை இலகுவானது, முதுகு இறுகியது. காலையில் காரை விட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய நிலை. கோடாலித் தைலம் தேய்க்காத நாள் இல்லை. மருத்துவ விடுப்புக் கேட்டபோது, உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன விடுப்பு என்று மேலே இருந்த ஒருவர் கேட்டார். அதைவிட எனக்கு உறைத்தது ஒரு கொழுந்துக்காரம்மா கேட்டது. ஜன்னலில் நின்று, "நாங்க கூடையோட மலை ஏறி இறங்குறோம் ஐயா, உக்காந்து எழுதுற உங்களுக்கு என்னா இடுப்பு வலி?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்ட பதிலை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இந்த வலி புதியதல்ல. இத்தாலி நாட்டில் பெர்னார்டினோ ரமாசினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுரங்கக்காரர், குயவர் என்று எழுதிக்கொண்டே வந்தவர், அந்நூலின் பிந்தைய பதிப்பில் கணக்கர்களையும் எழுத்தர்களையும் விடவில்லை. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, தவறு வரக்கூடாது என்ற மன அழுத்தம் என்று அவர்களுடைய துன்பத்துக்குக் காரணங்களை எழுதினார். சம்பள நாளுக்கு முதல்நாள் எங்கள் அலுவலகத்தை அவர் எட்டிப் பார்த்தது போலவே இருக்கிறது!

முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு நடுவே வட்டுகள் இருக்கின்றன. அவைதாம் அதிர்வு தாங்கும் மெத்தைகள். உட்காரும்போது இவற்றில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதை சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் உயிருள்ள மனிதருக்கே ஊசி செலுத்தி அளந்தார். நிற்கும்போது 100 என்றால், சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது ஏறக்குறைய 140 என்று அவர் கணக்கு வந்தது. உட்காருவதே தீமை என்று உலகம் முழுவதும் பேச்சுப் பரவியதற்கு அது ஒரு காரணம்.

1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கே என்பவரும் அவருடைய குழுவினரும் ஒருவருடைய வட்டுக்குள் சிறிய கருவியைப் பொருத்தி, ஒரு நாள் முழுவதும் அவர் செய்த எல்லாவற்றையும் அளந்தார்கள். அந்த அளவு வேறு மாதிரி வந்தது. நிற்பது 100 என்றால் சாயாமல் உட்காருவது 92. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து சரிந்து கிடப்பது 54தான். ஆனால் இருபது கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 460. முழங்காலை மடக்கித் தூக்கினால் 340. அளந்தது ஒரே ஒரு மனிதரை. அதனால் இதை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. இருந்தாலும் கொழுந்துக்காரம்மா கேட்டதில் பாதி நியாயம் என்று இது சொல்கிறது. சுமையின் அளவு என்று பார்த்தால் அவர் முதுகுக்கு முன் என் முதுகு ஒன்றுமே இல்லை.

அப்படியானால் எனக்கு ஏன் வலித்தது? வட்டுக்குள் இரத்தக் குழாய் கிடையாது என்றே சொல்லலாம். அதற்கு உணவு வருவது ஊறல் முறையில்தான். அழுத்தம் ஏறினால் நீர் வெளியே போகும்; இறங்கினால் உள்ளே வரும். இரவில் படுத்து எழுந்தால் காலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம், மாலைக்குள் அது குறைந்துவிடுகிறது. அதற்கும் இந்த நீர்தான் காரணம். துணியைப் பிழிந்து, விட்டு, நனைத்து, மறுபடி பிழிந்தால்தான் அழுக்குப் போகும். பிழிந்த கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தசைகளுக்கும் அசைவு வேண்டும். ஒரே நிலையில் இறுகி நிற்கிற தசை, சுமை சிறியதானாலும் களைத்து நோகும். அந்த அம்மாவுக்குச் சுமையால் வந்தது. எனக்கு அசையாமையால் வந்தது. இரண்டும் தோட்டத்து முதுகுதான்.

நம் கோயில் பஜனையைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தரையில் சப்பணமிட்டு உட்காருகிறோம். யாராவது ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறோமா? காலை மாற்றிப் போடுகிறோம், ஒரு பக்கம் சாய்கிறோம், கையை ஊன்றுகிறோம், ஆரத்திக்கு எழுந்து நிற்கிறோம். முதுகு கேட்பதை நாம் அறியாமலே கொடுத்துவிடுகிறோம். கணினிக்கு முன்னால்தான் சிலையாகிவிடுகிறோம்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அந்நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய அறிவை ஊட்டுவதையும் பரிந்துரைத்திருக்கிறது. நம்மவர்கள் ஆசையாக வாங்கி மாட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எந்த நாற்காலியும் முதுகு வலியைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. விளம்பரத்தில் அப்படி எழுதியிருந்தால் நம்பாதீர்கள். நல்ல நாற்காலி செய்வது இரண்டு காரியம்: வலியைக் கூட்டாமல் இருக்கும், அசைய இடம் கொடுக்கும். வலியோடு வேலைக்குப் போகிறவருக்கு அதுவே பெரிய உதவி.

சரி, வாங்குவது எப்படி? கடைக்குப் போகும் முன் வீட்டில் மூன்று அளவு எடுக்க வேண்டும். வேலைக்குப் போடும் காலணியைப் போட்டுக்கொண்டு, முழங்கால் சதுரமாக மடங்குமாறு உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இது இருக்கையின் உயரம். அடுத்து, பிட்டத்தின் பின்புறத்திலிருந்து அதே மடிப்பு வரை அளந்து, அதில் மூன்று விரற்கடை கழித்துக்கொள்ளுங்கள். இது இருக்கையின் ஆழம். மூன்றாவதாக, தோளைத் தளர விட்டு முழங்கையை மடக்கி, இருக்கையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். இதை யாரும் எடுப்பதில்லை. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். என் மருமகள் ஒரு காய்கறி ஏற்றுமதியாளருக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். அவளுடைய கால் அளவு 39. முழங்கை அளவு 22. ஆக, பாதம் தரையில் ஊன்றி உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து 61 சென்டிமீட்டரில் இருக்கும். அவள் வேலை செய்யும் சாப்பாட்டு மேசை 75. பதினான்கு சென்டிமீட்டர் வித்தியாசம்! தட்டச்சு செய்ய வேண்டுமானால் இரண்டு தோளையும் தூக்கியே வைத்திருக்க வேண்டும். மாலையில் கழுத்து கல்லாகிவிடும். இந்த மேசைக்கு முன்னால் ஆயிரம் வெள்ளி நாற்காலியைப் போட்டாலும் பயன் இல்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. மேசையின் காலை அறுக்கலாம். அது வீட்டுக்காரியிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். அல்லது நாற்காலியை 53 வரை உயர்த்தி, காலுக்குக் கீழே 14 சென்டிமீட்டர் உயரத்துக்கு உறுதியான மணை போடலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். மணை அகலமாக இருக்க வேண்டும். இரண்டு பாதமும் வைத்து முன்னும் பின்னும் நகர்த்த இடம் வேண்டும். மடிக்கணினியின் கீழே தடித்த புத்தகங்களை வைத்துத் திரையைக் கண்மட்டத்துக்குக் கொண்டு வந்து, தனியாக ஒரு விசைப்பலகை வாங்கினோம். மொத்தச் செலவு ஒரு நல்ல செருப்பின் விலைதான்.

இந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி நாற்காலிகள் தாமாகவே விலகிவிடும். நம் பெண்களுக்குப் பெரிய தொல்லை இருக்கையின் ஆழம். உயரமானவர்களுக்குச் செய்த இருக்கையில் பின்னால் சாய்ந்தால் முழங்கால் மடிப்பில் விளிம்பு குத்தும். குத்தாமல் உட்கார்ந்தால் சாய்மானம் எட்டாது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி வைக்கும் வசதி உள்ள நாற்காலி கிடைத்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம். அந்த ஒன்றுக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பேன். சாய்மானம் இடுப்புப் பட்டை கட்டும் இடத்துக்குச் சற்று மேலே மெல்ல உந்த வேண்டும். உந்தவில்லையென்றால் ஒரு துவாலையைச் சுருட்டி அங்கே வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதும். சாய்மானம் நேர்குத்தாக இல்லாமல் சற்றுப் பின்னால் சாய வேண்டும். சாய்வதைத் தளர்த்தவும் இறுக்கவும் பிடி இருக்க வேண்டும். கைப்பிடி மேசையில் இடித்து நாற்காலியை உள்ளே போகவிடாமல் தடுத்தால், கைப்பிடியே இல்லாததை வாங்கிவிடுங்கள். உருளை வைத்ததாக இருந்தால் ஐந்து கால் நட்சத்திரமாக விரிந்திருக்க வேண்டும். நாலு கால் உருளை நாற்காலி கவிழும். நாற்காலி என்ற பெயர் அங்கே பொய்த்துவிடுகிறது, என்ன செய்வது!

கடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். பஞ்சு மெத்தை ஒரு நிமிடத்துக்குச் சொர்க்கமாகத்தான் இருக்கும். கால் மணி நேரமாவது உட்காருங்கள். விற்பனையாளர் முறைத்தால் முறைக்கட்டும்.

நம் மலைக்கு என்று தனியாகச் சில உண்டு. கோலாலம்பூரில் எல்லோரும் வலை நாற்காலியைப் புகழ்கிறார்கள். அங்குள்ள வெக்கைக்கு அது சரி. பிரிஞ்சாங்கில் விடியற்காலைக் குளிரில் வலை நாற்காலியில் உட்கார்ந்தால் காற்று முதுகில் நுழைந்து தசை இறுகும். முதுகுப் பக்கம் ஒரு சால்வை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துணி உறை போட்டதை வாங்குங்கள். அடுத்தது போலித் தோல். பார்க்க மினுமினுப்பாக இருக்கும். ஈரக் காற்றில் அந்தப் பூச்சு சிதைந்து செதில் செதிலாக உரியும். மூடுபனி இறங்குகிற நம் ஊரில் சீக்கிரமே உரியும், பூஞ்சையும் பிடிக்கும். இளைஞர்கள் ஆசைப்படும் பந்தயக் கார் இருக்கை போன்ற நாற்காலிகள் பலவற்றில் இந்தத் தோல்தான். பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும்படி செய்திருப்பார்கள். காரில் வளைவில் சரியாமல் இருக்க அந்த அணைப்பு வேண்டும். வீட்டில் நமக்கு வேண்டியது அசைய இடம்.

இணையத்தில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் படத்தை விட்டுவிட்டு அளவுப் பட்டியலைப் படியுங்கள். இருக்கை கீழே எவ்வளவு இறங்கும் என்பதை முதலில் பாருங்கள். 45க்குக் கீழே இறங்காது என்று போட்டிருந்தால், மணை இல்லாமல் அது உங்களுக்கு ஆகுமா என்று யோசியுங்கள். மலைக்கு லோரியில் ஏறி வந்த நாற்காலியைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். அலுவலகம் காலி செய்கிறவர்கள் விற்கும் பழைய நாற்காலிகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கிடைக்கின்றன. பளபளக்கும் புதிய மலிவு நாற்காலியைவிட, திருகுகள் எல்லாம் வேலை செய்கிற நல்ல பழைய நாற்காலி மேல் என்பது என் கருத்து.

வேலை கொடுப்பவரிடம் கேட்பதற்குக் கூச்சப்படுகிற தங்கைகளுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் இருக்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்து, ஒரு சில விலக்குகள் தவிர ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் அதை விரித்திருக்கிறது. அரசாங்கத்தின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலத் துறை வேலையிடத்தில் உட்காருவதைப் பற்றியே 2003இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆகவே கால் எட்டும் நாற்காலி கேட்பது சொகுசு கேட்பது ஆகாது. கேட்கும்போது "எனக்கு இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "என் காலுக்கு 39, இந்த நாற்காலி 46" என்று எழுதிக் கொடுங்கள். எண்ணை மறுப்பது கடினம். நாற்பது வருடம் எண்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

நாற்காலியை மாற்றிய பிறகும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். பெரிய பயிற்சி தேவையில்லை. தண்ணீர்க் குவளையைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி காலியாகும், எழுந்து போய்த்தான் நிரப்ப வேண்டும். தொலைபேசி வந்தால் நின்று பேசுங்கள். நான் அலுவலகத்தில் அச்சு இயந்திரத்தை என் மேசையிலிருந்து எடுத்து எதிர்ச் சுவர் ஓரம் வைக்கச் சொன்னேன். வயதாகிவிட்டது இவருக்கு என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் பதினைந்து அடி நடை கிடைத்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலியோடு கால் பலமிழந்தாலோ, இரண்டு தொடைக்கு நடுவே உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ போகாமலோ இருந்தாலோ, அது நாற்காலி விஷயம் அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சலோடு வரும் முதுகு வலி, விழுந்த பிறகு வரும் வலி, காரணமில்லாமல் உடல் இளைப்பதோடு வரும் வலி, இரவில் படுத்தாலும் விடாத வலி ஆகியவற்றுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

நேரமாகிவிட்டது, அன்னதானத்துக்கு இலை போடத் தொடங்கிவிட்டார்கள் என்று செயலாளர் கைகாட்டுகிறார். மண்டபத்தின் வலப்பக்கத் தூண் அருகே அளவு நாடாவோடும் மூன்று உயரத்தில் செய்த மணைகளோடும் நான் இருப்பேன். பசியாறிவிட்டு வாருங்கள், உங்கள் மூன்று அளவையும் எடுத்துத் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறேன். கோயில் என்பதால் எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு வந்திருப்பீர்கள். வேலைக்குப் போடும் காலணியின் குதி எவ்வளவு உயரம் என்பதை மட்டும் வாசலில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.